முப்பத்தொன்றாவது மீட்டரில் வேர்

மணி இரண்டு பத்து. கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகிற சாலை. பிப்ரவரி மாதத்துப் பனி. ஒரு லாரிகூட இல்லை. சாலையை விட்டு இடது பக்கம் இறங்கும் மண் தடத்தில் அரை கிலோமீட்டர் போனால் ஒரு பழைய ஆலைக் குடியிருப்பு… பேர் வேண்டாம், அவர்கள் வக்கீல் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில், அந்தக் குடியிருப்பின் நடுத்தெருவில், ஒரு ஷாமியானா. உள்ளே பதினாறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குத்துவிளக்கு, ஒரு பேனர். பேனரில் கொட்டை எழுத்தில், 'இனி மனிதன் இறங்க வேண்டாம்.' பேனருக்கு நேர் கீழே, மூடி திறந்த மேன்ஹோலுக்குள், ஒரு மனிதன் இறங்கிக்கொண்டிருந்தான்.

சிரிக்க வேண்டாம். இது சிரிப்புக் கதை இல்லை.

நடந்தது 2009-இல். நம்ம சேரனுடைய தங்கை சிந்துஜாவைக் கட்டியிருக்கிறாரே ஆரோக்கியராஜ், அவருக்கு நடந்தது. அவரே சேரனிடம் சொன்னது. சேரன் இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் சொல்ல முடிகிறது. 'தானே' புயல் கரண்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் இன்றோடு பதினொரு ராத்திரி. இருப்பது ஒரே மெழுகுவத்தி. எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்… அந்த ஜன்னலைச் சாத்திவிடுங்கள். காற்று வந்தால் அதுவும் போய்விடும்.

அப்போது ஆரோக்கியராஜுக்கு இருபத்தைந்து வயது. 'அவன்' என்றே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

ராத்திரி இரண்டு மணிக்கு என்ன விழா என்று கேட்பீர்கள். குடியிருப்பில் முந்நூறு வீடு. பகல் முழுக்கக் குளிக்கிற தண்ணீரும் துவைக்கிற தண்ணீரும் சாக்கடைக் குழாயில் பாதிக்கு மேல் ஓடும். ஒரு மணிக்குப் பிறகுதான் ஊர் அடங்கித் தண்ணீர் இறங்கும். அப்போதுதான் குழாயின் உள்சுவர் கண்ணுக்குத் தெரியும். யார் கண்ணுக்கு? முனைவர் மணவாளனின் கண்ணுக்கு இல்லை. அவர் கண்டுபிடித்த இயந்திரத்தின் கண்ணுக்கு.

மணவாளன், சிதம்பரம் பக்கத்தில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் பேராசிரியர். அவருடைய விசிட்டிங் கார்டில் பட்டங்களுக்கு நடுவே பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். குழாய்க்குள் ஓடுகிற நாலு சக்கர வண்டி ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்திருந்தார். நெற்றியில் கேமரா, இரண்டு பக்கமும் வெள்ளை விளக்கு, வால் மாதிரி நீளக் கேபிள். அது அனுப்புகிற படத்தைக் கம்ப்யூட்டர் பார்த்து, எங்கே விரிசல், எங்கே அரிப்பு என்று தானே கட்டம் போட்டுக் காட்டும். எத்தனை சதவீதம் நிச்சயம் என்றும் சொல்லும். மேலே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பூமிக்கடியில் இருக்கும் கான்கிரீட்டின் நோவு பார்க்கலாம். இதற்கு அவர் வைத்த பெயர் திரிநேத்ரா. மாணவர்கள் வைத்த பெயர் பெருச்சாளி.

"மனுஷன் கண்ணுக்குச் சொந்தபந்தம் உண்டு, திரிநேத்ராவுக்குக் கிடையாது" என்று மேடைக்கு மேடை சொல்லுவார். கைதட்டலுக்காக ஒரு நிமிஷம் நிறுத்துவார்.

அந்த மூன்றாவது கண்ணைத் திறந்துவிட்டவன், அவருடைய ஆராய்ச்சி மாணவன் ஆரோக்கியராஜ். இரண்டு வருஷம், எண்பதாயிரம் படம். ஒவ்வொரு படத்திலும் குறை இருக்கிற இடத்தைச் சுற்றி மவுஸால் ஒரு கட்டம் போட்டுப் பெயர் எழுத வேண்டும். விரிசல், அரிப்பு, மூட்டு விலகல், அடைப்பு, வேர். ஐந்தே சொல். இப்படிக் காட்டிக் காட்டித்தான் கம்ப்யூட்டரைப் பழக்குவது.

பழைய வீடியோக்களில் சில சமயம் ஒரு கை வந்துவிடும். குழிக்குள் நிற்கிற ஆள் கேமராவைத் திருப்பி வைக்கிற கை. கைக்கும் ஒரு பெயர் சேர்க்கலாமா என்று ஆரோக்கியராஜ் கேட்டான். மணவாளன் சிரித்தார். மனிதன் இறங்கவே போவதில்லை என்பதுதானே நம்முடைய திட்டம், அதில் மனிதனுக்கு எதற்கு ஒரு சொல் என்றார். விரல் ஐந்தும் விரிந்திருந்தால் பார்க்க வேர் மாதிரிதானே இருக்கிறது, வேர் என்றே போட்டுவிடு என்றார்.

போட்டான். இருநூறு கை இருக்கும். இருநூறையும் வேர் என்று எழுதினான். ஒரு மத்தியான வேலை.

இப்போது அந்த மேன்ஹோலுக்கு வருவோம். பெருச்சாளி சேற்றில் இறங்காது, இறக்குமதிச் சரக்கு. அதனால் முதலில் ஒரு ஆள் இறங்கிக் குழியில் இருக்கிற கசடை வாளி வாளியாக மேலே ஏற்றிவிட்டு, வண்டியை வாங்கிக் குழாயின் வாயில் வைக்க வேண்டும். மனிதன் இறங்க வேண்டாம் என்று நிரூபிப்பதற்காக இறக்கப்பட்ட மனிதன். அவனை ஏற்பாடு செய்தவர் சிங்காரம் என்கிற காண்ட்ராக்ட் மேஸ்திரி.

குழியை வழித்து முடித்து, வண்டியை வைத்துவிட்டு, தலையில் துண்டு கட்டிய அந்த ஆள் மேலே வந்தார். விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, இடுப்பு வரை வெளியே வந்து, மூச்சு வாங்கினார். நிமிர்ந்தார். டியூப்லைட் வெளிச்சத்தில், கழுத்தில் அடையாள அட்டையும் மடியில் லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்த ஆரோக்கியராஜைப் பார்த்தார்.

முகம் முழுக்கச் சிரிப்பு.

லூர்துசாமி. ஆரோக்கியராஜின் அம்மாவுடன் பிறந்தவர். ஆறு வயதில் அம்மா போன பிறகு அவனை மேல்பட்டாம்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வளர்த்தவர். அவரும் அவர் மனைவி முத்தம்மாளும்தான் அவனை இன்ஜினியராக்கினார்கள். கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தார். எந்தக் கம்பெனி, என்ன மெயின்டனன்ஸ் என்று ஆரோக்கியராஜ் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா. கல்லூரியில் யாராவது விசாரித்தால், மாமா சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தான். நாலு வருஷத்தில் அந்தப் பதவி உயர்வை அவனே நம்பத் தொடங்கியிருந்தான்.

லூர்துசாமியின் வாய் 'மாப்' வரைக்கும் வந்தது.

மணவாளன் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் ஆலையின் பெரிய அதிகாரிகள், சென்னையிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், அவருடன் வந்த பெண் அதிகாரி ஒருவர், எல்லோரும் பார்த்தார்கள்.

"என்ன ராஜ், இவரைத் தெரியுமா?"

"தெரியாது சார்."

இவ்வளவுதான். ரெண்டு வார்த்தை. திறந்த வாயை லூர்துசாமி மூடிக்கொண்டார். முகத்தில் வருத்தமில்லை என்று ஆரோக்கியராஜ் சொல்கிறான். அதுதான் அவனால் தாங்க முடியாதது. ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி அவசரமாக முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, சிங்காரத்தின் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே சொன்னார்.

"தெரிஞ்ச புள்ள மாதிரி இருந்திச்சு மேஸ்திரி. இல்ல."

குத்துவிளக்கு ஏற்றினார்கள். பெருச்சாளி புறப்பட்டது.

திரையில் குழாய். ஓரடி அகலம். வட்டமான இருட்டு, நடுவில் ஒரு கோடு தண்ணீர். ஓரத்தில் மீட்டர் எண் ஓடுகிறது. ஏழில் ஒரு விரிசல், கட்டம் விழுந்தது, கைதட்டல். பதினாலில் அரிப்பு, கைதட்டல். மணவாளன் ஒவ்வொன்றுக்கும் லேசாகத் தலை குனிந்தார், கச்சேரி வித்வான் மாதிரி. முப்பத்தொன்றில் வண்டி நின்றது. ஒரு மூட்டு விலகியிருந்தது, முன்சக்கரம் அதில் மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் இழுத்தார்கள். வரவில்லை. கேபிள் அறுந்தால் இறக்குமதி உள்ளேயே தங்கிவிடும். நிபுணர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்த மேன்ஹோல் முப்பத்திரண்டாவது மீட்டரில். அதில் இறங்கிக் கையை நீட்டித் தள்ளினால் வண்டி விடுபடும் என்றார் சிங்காரம். அதை யாரும் திறந்து பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. கடப்பாரையால் நெம்பியபோது மூடி முனகியது… உள்ளிருந்து அழுகின முட்டை வாசனை தெரு முழுக்க வந்தது. முன்வரிசையில் கைக்குட்டைகள் எழுந்தன.

ஆரோக்கியராஜ் திரையைப் பார்த்தான். வண்டிக்கு முன்னால் தண்ணீரின் மேல் குமிழ், ஒன்றன்பின் ஒன்றாக. அது என்ன என்று அந்த ஷாமியானாவில் மற்ற எல்லோரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும். விழாக் கையேட்டின் ஐந்தாம் பக்கம், இறங்குவதற்கு முன் வாயு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்பது, அவன் எழுதியது.

மணவாளனின் காதருகே போய், சார், கேஸ் டெஸ்ட் என்றான். அவர்களுக்கெல்லாம் பழக்கம்தான் என்று அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

இனி ஒரே ஒரு சொல் பாக்கி. மாமா. அதைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அவர் நின்றிருப்பார். கூப்பிட்டால் பதினாறு நாற்காலியும் திரும்பிப் பார்க்கும். சூப்பர்வைசர் செத்துப்போவார்.

அவன் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். லூர்துசாமி இறங்கினார். இரும்புப் படியில் காலடி… ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு தண்ணீர் சத்தம்.

திரையில், குழாயின் அந்தக் கோடியில், மங்கலாக ஒரு அசைவு. வெளிச்சத்துக்குள் ஒரு கை வந்தது. ஈரமான, வெளுத்துப்போன கை. சுண்டுவிரல் கோணல். அந்தச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் ஆரோக்கியராஜ் ஒன்றாம் வகுப்புக்குப் போனான். கை வண்டியை ஒரு தள்ளு தள்ளியது. இன்னொரு தள்ளு. சக்கரம் விடுபட்டது.

அதே நேரம் திரிநேத்ரா அந்தக் கையைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் போட்டது. பக்கத்தில் எழுத்து விழுந்தது.

வேர். தொண்ணூற்றேழு சதவீதம்.

ஷாமியானா சிரித்தது. மணவாளனும் சிரித்தார். இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கிறது என்று நகைச்சுவையாகச் சொன்னார். கைதட்டினார்கள். வண்டி விடுபட்டதற்கு ஒரு தடவை, நகைச்சுவைக்கு ஒரு தடவை. கை அங்கேயே இருந்தது. உள்ளங்கை மேலாக, விரல் விரிந்து, தண்ணீர்க் கோட்டின் மேல். அசையவில்லை. கட்டமும் அசையவில்லை. கைதட்டல் ஓயவில்லை. வேர், தொண்ணூற்றேழு.

நாற்பது நொடி. ஆரோக்கியராஜ் பிறகு எண்ணிப் பார்த்திருக்கிறான். நாற்பது நொடி அவனுக்குத் தெரியும், மற்ற யாருக்கும் தெரியாது.

பிறகு சிங்காரம் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

தூக்கி மேலே கிடத்தியபோது மணி மூன்று. ஷாமியானாவில் முதலில் குத்துவிளக்கை எடுத்தார்கள், அடுத்துப் பேனரை. கார்கள் ஒவ்வொன்றாக ஹெட்லைட் போடாமல் கிளம்பின. ஏட்டு ஒருவர் நோட்டோடு வந்தார். ஆள் யார்? சிங்காரம், சாமின்னு கூப்புடுவோம், கூலிக்கு நிற்கிற இடத்தில் பிடித்து வந்தது, ஊர் தெரியாது என்றார். ஏட்டு மணவாளனிடம் வந்தார். எங்கள் குழுவில் யாருக்கும் அவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டு மணவாளன் ஆரோக்கியராஜைப் பார்த்தார். ஏட்டும் பார்த்தார்.

இந்தத் தடவை வாயால் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

'அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் ஐம்பது, பராமரிப்புக்காகத் திறந்திருந்த குழியில் தவறி விழுந்தது' என்று எழுதிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிப் பிண அறைக்கு அப்படித்தான் போனார் லூர்துசாமி. அது செவ்வாய்க்கிழமை விடியற்காலை.

புதன்கிழமை சாயங்காலம் முத்தம்மாள் போன் செய்தாள். ஆரோக்கியராஜ் சிதம்பரத்தில் ஹாஸ்டல் மாடியில் நின்று எடுத்தான். மாமா வீட்டுக்கு வரலியேடா, எங்கியாச்சும் பாத்தியா என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தான். ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தான்.

"சாப்ட்டியாடா?"

"சாப்ட்டேன் அத்த."

அவள் வைத்துவிட்டாள். கேட்கவில்லையே என்று அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள்… அந்த நிம்மதியைச் சொல்லும்போதுதான் சேரனிடம் அவன் முகத்தை மூடிக்கொண்டானாம்.

வியாழக்கிழமை காலை பஸ் பிடித்து மேல்பட்டாம்பாக்கம் போனான். அத்தை துவைத்த புடவை கட்டிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றிருந்தாள். பேப்பரில் ஒரு செய்தி பார்த்தேன், கடலூர் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருத்தர், எதற்கும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றான். "வா போவம்" என்றாள். வழியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடக்கத்தன்று பெட்டியின் முன்பக்கத்தை அவன்தான் தூக்கினான். எங்கெங்கேயோ தேடிக் கண்டுபிடித்து மாமனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான் என்று தெருவே அவனைப் பெருமையாகப் பேசியது. ஒரு கிழவர் அவன் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். அவன் நின்று வாங்கிக்கொண்டான்.

இதுவரைக்கும் பேய் எதுவும் வரவில்லையே என்று பார்க்கிறீர்கள். இதுவரைக்கும் வந்தவர்களே போதாதா.

கல்லூரியில், அந்த நாற்பது நொடிப் படத்தை அழித்துவிடச் சொன்னார் மணவாளன். தேவையற்ற தரவு என்று அதற்குப் பெயர். நொடிக்கு இருபத்தைந்து படம், மொத்தம் ஆயிரம். ஆரோக்கியராஜ் அழித்தான். கட்டுரை வெளியானது, மணவாளன் மலேசியா போய்ச் சால்வையோடு வந்தார், ஆரோக்கியராஜுக்கு அங்கேயே விரிவுரையாளர் வேலை கிடைத்தது.

ஜூன் மாதம், சிதம்பரத்தில் புதிதாகப் போட்ட ஒரு மழைநீர்க் குழாயைச் சோதித்தார்கள். மண்கூட இன்னும் இறுகவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஒரு மரம் கிடையாது. முப்பத்தொன்றாவது மீட்டரில் ஒரு கட்டம் விழுந்தது. வேர், தொண்ணூற்றேழு. ஆரோக்கியராஜ் வண்டியை நிறுத்தி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். வழவழப்பான கான்கிரீட். வேறொன்றும் இல்லை. ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றி, ஒரு உள்ளங்கை அளவுக்கு, சிவப்புக் கட்டம்.

அழித்தான்.

அடுத்து காட்டுமன்னார்கோயில் சாலையில் ஒரு பாலத்தடிக் குழாய். இருபத்தேழாவது மீட்டரில். அதற்கடுத்து வேறொரு இடம், இருபதில். கம்ப்யூட்டருக்குக் கற்பித்ததையெல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து பழக்கினான். பழைய வீடியோக்களில் இருந்த இருநூறு கையையும் தேடி எடுத்து, எல்லாவற்றுக்கும் 'கை' என்று பெயர் மாற்றினான். யாருக்கும் சொல்லாமல், ராப்பகலாக, எட்டு நாள். அடுத்த குழாயில் பதினாறாவது மீட்டர். வேர், தொண்ணூற்றேழு. கற்றுக்கொடுத்த புதுச் சொல்லை அது தொடவே இல்லை.

கடைசியில் மணவாளன் கவனித்துவிட்டார். அவர் பயப்படவில்லை. படித்தவர். தொண்ணூற்றெட்டுக்குக் குறைந்தால் திரையில் காட்டாதபடி மாற்றிவிடு என்றார். மாற்றினார்கள். அடுத்த தடவை பதினோராவது மீட்டரில் வந்தது. வேர், தொண்ணூற்றெட்டு. இன்னும் ஏற்றச் சொன்னார். அடுத்த தடவை, ஆறில்… தொண்ணூற்றொன்பது. அதோடு அவர் களப்பணிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். முழங்கால் வலி என்றார்.

இதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. சிந்துஜா சில ராத்திரி எழுந்து உட்கார்ந்து, யாருங்க இந்நேரத்துல குளிச்சது என்று கேட்பாள். அறையில், மாமா வழக்கமாகப் போட்டுக் குளித்த சிவப்பு சோப்பின் வாசனை அடிக்கும். அதற்கு அடியில் வேறொரு வாசனையும் மெல்லிசாக இருக்கும், சோப்புப் போட்டும் போகாத வாசனை. அவர்கள் வீட்டில் அந்தச் சோப்பு வாங்குவதில்லை. ஆரோக்கியராஜ் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பான். பக்கத்து வீட்டில் இருக்கும், தூங்கு என்பான்.

அவனுக்கு ஒன்று தெரிந்துவிட்டது. அது கணக்குக் கேட்க வருகிறது. ஆறாவது மீட்டருக்கு வந்துவிட்டது. வந்து சேர்வதற்குள் அத்தையிடம் சொல்லிவிட வேண்டும். நான் அங்கே இருந்தேன், தெரியாது என்று சொன்னேன், பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்காகவே மேல்பட்டாம்பாக்கம் போவான். அவள் மீன் குழம்பு ஊற்றுவாள். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவான். அவள் கண்ணில் தன் முகம் என்ன ஆகும் என்று நினைத்தால் நாக்கு எழவில்லை. இப்படி ரெண்டே முக்கால் வருஷம்.

போன நவம்பர். சிதம்பரத்துக்கு வெளியே ஒரு புறவழிச் சாலை. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மணி ரெண்டுக்கு மேல். வேனில் அவனும் டிரைவரும் மட்டும். டிரைவர் முன்சீட்டில் தூங்குகிறார். பெருச்சாளியை இன்னும் கீழே இறக்கவில்லை. வேனின் பின்பக்கத் தரையில் வைத்து, விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஸ்விட்ச் போட்டான். கேமரா உள்பக்கம் பார்த்தபடி இருந்தது. மடியில் லேப்டாப்பை விரித்தான்.

மீட்டர் பூஜ்யம்.

திரையில் வேனின் பக்கவாட்டுப் பலகை. அதில் அவன் உட்கார்ந்திருக்கிறான், முகத்தில் லேப்டாப் வெளிச்சம். அவனைச் சுற்றிக் கட்டம் ஏதுமில்லை. அவனுக்குப் பக்கத்தில், காலிப் பலகையில், ஒரு கட்டம்.

உள்ளங்கை அளவில்லை. ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு உயரம் இருப்பாரோ அவ்வளவு உயரம்.

அவன் மெதுவாக… தலையைத் திருப்பாமல்… பலகையில் ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்ந்தான். திரையில் கட்டமும் ஒரு சாண் நகர்ந்து அவனை ஒட்டிக்கொண்டது.

லேப்டாப்பை மூடினான். வேனை விட்டு இறங்கினான். மழையிலேயே மெயின் ரோட்டுக்கு நடந்தான். கடலூர் போகிற முதல் பஸ் எப்போது வந்தது, எங்கே மாறினான், ஒன்றும் ஞாபகமில்லை என்கிறான். பக்கத்து சீட் கடைசிவரை காலியாக இருந்தது, அது மட்டும் ஞாபகம். நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தபோது விடியத் தொடங்கியது.

முத்தம்மாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தரைக்கு வரும் தண்ணீர், அரைமணி நேரம்தான். நாலு பிளாஸ்டிக் குடம் வரிசையில். வேறு யாரும் இன்னும் எழுந்து வரவில்லை. நனைந்து நின்றவனைப் பார்த்தாள். என்னடா இந்நேரத்துல என்று கேட்கவில்லை. அவன் அங்கேயே, ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னான். ஷாமியானா, பேனர், தெரியாது சார், குமிழ், சுண்டுவிரல், நாற்பது நொடி. ஏட்டிடம் தலையாட்டியது. பேப்பரில் செய்தி பார்த்ததாகச் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை. முதல் குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதை நகர்த்திவிட்டு அடுத்ததை வைத்தாள்.

"தெரியும்டா" என்றாள்.

அவன் நிமிர்ந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, விடியற்காலம் மூன்றரை மணி இருக்கும், வீட்டுப் பின்பக்கம் யாரோ தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டதாம். வேலை முடிந்து வந்தால் மாமா வெளியிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார் என்பதால் அவள் சும்மா படுத்திருந்தாள். சத்தம் நின்றது. ஆள் வரவில்லை. எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தபோது, தொறக்காத முத்து என்று வெளியிலிருந்து குரல். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினாராம். மாப்பிள்ளையைப் பார்த்ததாகச் சொன்னாராம். பெரிய பெரிய ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான், கழுத்தில் அட்டை, மடியில் கம்ப்யூட்டர், அவன் சொன்னால்தான் மெஷினே ஓடுகிறது என்று, ஊரில் இல்லாத பெருமையாகச் சொன்னாராம். நான் இனிமேல் வர மாட்டேன், வியாழக்கிழமை அவனே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவான், அதுவரைக்கும் அவனை ஒன்றும் கேட்காதே என்றாராம்.

ஆரோக்கியராஜ் தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"அப்பறமாச்சும் கேட்டுருக்கலாமே அத்த. இத்தன வருஷம்."

"அவரு கேக்க வேணாம்னாரே" என்றாள் முத்தம்மாள். "நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். இல்லை. மூன்றாவது குடத்தை வைத்தாள். தண்ணீர் மெலிந்துவிட்டது, நூல் மாதிரி விழுந்தது. அது நிரம்புகிறவரை ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, விட்டுப்போன ஏதோ ஒன்று ஞாபகம் வந்தவள் மாதிரி, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் அவனிடம் விசாரித்தாள்.

"'பய ரொம்ப பயந்துட்டான், ராத்திரியில தனியா வுடக் கூடாது, நான் அவங்கூடவே இருந்துக்கறேன்'னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்கப்பறம் ஒரு நாளுகூட இந்தப் பக்கம் வரலடா ராஜு… உங்கூடத்தான இருக்காரு?"